கூரைக்குத் திருப்பினாலும் ஃபிளாஷ் இடையூறே

வணக்கம். பெங்களூரு அல்சூரில் மகளின் பேட்மிண்டன் போட்டியைப் படமெடுத்தபோது, கூரைக்குத் திருப்பிய ஃபிளாஷையும் நடுவர் அணைக்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் செய்தது சரியே. உயர எழுந்த இறகுப்பந்தைத் தேடிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் அதே கூரையில்தான் உங்கள் ஒளி வெட்டுகிறது. ஃபிளாஷைப் பையில் வைத்துவிட்டு, உங்களிடமுள்ள 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் ஒளித்துளையை முழுவதும் திறந்து, ஷட்டரை 1/500 நொடிக்குக் குறையாத வேகத்தில் வைத்து, கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தயங்காமல் 6400 வரை உயர்த்துங்கள். அதனால் படத்தில் தோன்றும் மணல் போன்ற புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்து கலங்கிய முகத்தை மீட்க இயலாது. ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருண்டும் வருவது கேமராவின் பழுதன்று. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வதே காரணம். கேமராவில் இந்த ஒளித்துடிப்பைச் சமாளிக்கும் ஃபிளிக்கர் தடுப்பு வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையெனில், மகள் மட்டையை ஓங்கும் கணத்திலிருந்தே தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து, ஒளி சரியாக அமைந்ததைத் தேர்ந்துகொள்ளுங்கள்.