"யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?": வாக்காளர் ஆய்வு பற்றிக் கேள்வி பதில்

மக்களவைத் தேர்தல் சமயத்தில் வீடு வீடாகப் போய் நடத்தும் வாக்காளர் ஆய்வுகளில் கள மேற்பார்வை வேலை பார்த்தவன் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: எனக்கு 52 வயது. இதுவரை ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. யாரைத்தான் கேட்கிறீர்கள்?

2024இல் நாடு முழுக்க வாக்காளர்கள் சுமார் 97 கோடி. டெல்லியிலுள்ள சி.எஸ்.டி.எஸ். ஆராய்ச்சி நிறுவனத்தின் லோக்நிதி பிரிவு அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவுக்குப் பின் பேசியது ஏறக்குறைய 20,000 பேரிடம். கிட்டத்தட்ட 48,000 பேருக்கு ஒருவர். உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

திருச்சி கல்லூரி மாணவி: அந்த 20,000 பேரை எப்படிப் பொறுக்குகிறார்கள்? பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டால் போதாதா?

போதாது. பஸ் ஸ்டாண்டில் நின்றால் பஸ் ஏறுகிறவர்கள்தான் கிடைப்பார்கள். முறையான ஆய்வில் முதலில் தொகுதிகளையும், அவற்றுக்குள் வாக்குச்சாவடிகளையும் குலுக்கல் மாதிரியான ஒரு கணக்கில் எடுப்பார்கள். பிறகு அந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியல். அந்தப் பட்டியலில் 1,000 பேர், நமக்கு 40 பெயர் வேண்டும் என்று வையுங்கள். 1,000ஐ 40ஆல் வகுத்தால் 25. ஒன்றிலிருந்து 25க்குள் ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கிப்போட்டு எடுக்கிறோம், 7 என்று வருகிறது. அப்புறம் 7, 32, 57, 82 என்று வரிசையாகப் போக வேண்டியதுதான்.

சொல்வதற்குச் சுலபம். பட்டியலோடு தெருவில் இறங்கினால் 32ஆம் பெயர் இறந்து வருஷமாகியிருக்கும், 57 கல்யாணமாகி வேறு ஊர் போயிருக்கும், 82 திருப்பூரில் வேலைக்கு இருப்பார், தீபாவளிக்குத்தான் வருவார். அதனால்தான் தேவைக்கு மேலேயே பெயர்களை எடுத்துக்கொண்டு போவது. "அவர் இல்லன்னா என்ன சார், நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்று திண்ணையில் இருப்பவர் கூப்பிடுவார். அங்கே உட்கார்ந்துவிட்டால் சர்வே கெட்டது. பகலில் சும்மா இருப்பவர்களும், அரசியல் பேசப் பிடித்தவர்களும் மட்டுமே மாதிரிக்குள், அதாவது நாங்கள் பேசுகிற ஆட்களின் கூட்டத்துக்குள், வந்து சேருவார்கள். கிராமத்தைவிட மோசம் நகரத்து அடுக்குமாடிகள். செக்யூரிட்டியைத் தாண்டுவதே பெரும்பாடு.

மதுரை: எக்ஸிட் போலும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. எக்ஸிட் போல் என்பது ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவரைப் பிடித்து இரண்டு மூன்று கேள்வி கேட்பது. நாங்கள் செய்வது வாக்குப்பதிவு முடிந்த பிறகு, எண்ணிக்கை தொடங்குவதற்கு முன், வீட்டில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்பது. முடிவு தெரிந்தபின் போனால் ஜெயித்த கட்சிக்குப் போட்டதாகச் சொல்கிறவர் கூடிவிடுவார்கள். எக்ஸிட் போல் முடிவுகளைக் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு தடை போடுகிறது.

கோவையிலிருந்து: முன்பின் தெரியாதவரிடம் யார் உண்மையைச் சொல்வார்? பணம் வாங்கியதைச் சொல்வார்களா?

எல்லாரும் சொல்ல மாட்டார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்பதை வாயால் கேட்பதே இல்லை. சின்னங்கள் அச்சடித்த சீட்டைக் கொடுத்து, தனியாகக் குறியிட்டு, மடித்து, கையோடு கொண்டுபோகும் பெட்டியில் போடச் சொல்வோம். பெண்களிடம் பேசும்போது இது ரொம்ப முக்கியம். கேள்வி ஆரம்பித்தவுடன் கணவரோ மாமனாரோ பக்கத்தில் வந்து நின்று பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். சீட்டு மட்டும் அந்த அம்மா கையில். அதை நீட்டியதும் திரும்பி நின்றுகொண்டு குறியிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பயம், "பதில் சொன்னா உரிமைத்தொகையை நிறுத்திடுவாங்களா, நூறு நாள் வேலை போயிடுமா?" என்பது. நாங்கள் அரசாங்கத்து ஆள் இல்லை என்று புரியவைக்கவே நேரமாகும். பணம் பற்றி "நீங்க வாங்கினீங்களா" என்று கேட்டால் கதவு சாத்திவிடும். "இந்தப் பக்கம் கொடுத்தாங்களா" என்றால் பேசுவார்கள். ஓட்டே போடாதவர் போட்டேன் என்று சொல்வது உலகம் முழுக்க உள்ள சிக்கல். 2024இல் வாக்குப்பதிவு சுமார் 66 சதவீதம். சர்வேயில் கேட்டால் எப்போதும் அதைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

சென்னை: இவ்வளவு செய்தும் 2024 கணிப்புகள் ஏன் கவிழ்ந்தன?

கவிழ்ந்தது எக்ஸிட் போல்களின் இடக் கணக்கு. பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன, கிடைத்தது 293. பா.ஜ.க.வின் கணக்கை மட்டும் பாருங்கள். 2019இல் 37.4 சதவீத ஓட்டு, 303 இடம். 2024இல் 36.6 சதவீதம், 240 இடம். ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை, 63 இடம் போய்விட்டது. சர்வேயின் பிழை வரம்பே, அதாவது கணக்கு முன்னே பின்னே போகக்கூடிய அளவே, அதைவிடப் பெரியது. தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணி சுமார் 47 சதவீத ஓட்டில் மொத்தம் 39ஐயும் அள்ளியது. எதிர்த்தரப்பு இரண்டாகப் பிரிந்து நின்றால் அப்படித்தான். ஓட்டு சதவீதத்தைச் சர்வே ஓரளவு சொல்லும். அதை இடமாக மாற்றுவது வேறு வித்தை, டிவிக்காரர்களுக்கு வேண்டியது அந்த வித்தை மட்டும்தான்.

தஞ்சாவூர்: இடம் சொல்ல முடியாது என்றால் எதற்கு இந்தச் செலவு?

தேர்தல் ஆணையத்தின் எண்ணிக்கையில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்று இருக்கும். அந்த ஓட்டுகளில் பெண்கள் போட்டது எவ்வளவு, எந்தச் சமூகம் எந்தப் பக்கம் சாய்ந்தது, விலைவாசியை நினைத்துப் போட்டார்களா வேட்பாளரைப் பார்த்தா என்பது இருக்காது. சி.எஸ்.டி.எஸ். 1967இலேயே தேசிய அளவில் இதைத் தொடங்கியது. இடையில் விட்டுப்போய், 1996 முதல் ஒவ்வொரு மக்களவைத் தேர்தலிலும் நடத்துகிறது. 2024 தேர்தலுக்கு முன்பு அவர்கள் கேட்டபோது 62 சதவீதம் பேர் வேலை கிடைப்பது முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது என்றார்கள். டிவியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பேச்சு வேறு.

ஒரு எச்சரிக்கை. தேசிய மாதிரியைப் பிரித்துப் பிரித்து "ஒரு மாநிலத்தில், ஒரு சாதியில், 25 வயதுக்குட்பட்ட பெண்கள்" என்று யாராவது சதவீதம் சொன்னால், அதற்குள் எத்தனை பேர் என்று கேளுங்கள். முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள்.

நெல்லை: வாட்ஸ்அப் குரூப்பில் எடுக்கும் வாக்கெடுப்பு?

பொழுதுபோக்கு.

ஈரோடு: யாராவது வந்து கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். உங்கள் இஷ்டம். ஓட்டு ரகசியம், யாருக்குப் போட்டீர்கள் என்று கோர்ட்டில்கூட உங்களைச் சொல்லவைக்க முடியாது. பெயரும் சீட்டும் சேர்ந்து எங்கும் வெளியாகாது என்று உறுதி சொல்கிறார்களா, அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. கேட்டால் அது சர்வே இல்லை, அனுப்பிவிடுங்கள்.