கடலோர வீட்டில் ஏசியின் அவுட்டோர் யூனிட்: எங்கே வைப்பது, எப்படிக் கழற்றுவது?

கேள்வி: மொரிசியஸில் மாஹேபூர் பக்கம், கடலிலிருந்து 300 மீட்டருக்குள் எங்கள் வீடு. மாடி இல்லை, தட்டையான கான்கிரீட் கூரை, சுவரெல்லாம் பிளாக். கடல் கிழக்கே இருக்கிறது. 12,000 பி.டி.யு. ஸ்பிளிட் ஏசி இரண்டு வைக்கவேண்டும். ஒன்று புதிது, மற்றது பழைய வீட்டிலிருந்து கழற்றி வரவேண்டியது. அவுட்டோர் யூனிட்டுகளைக் கூரைமேல் வைத்தால் வேலை சுலபம் என்கிறார் மெக்கானிக். தமிழ்நாட்டு உறவினர்கள் "வடக்குச் சுவர்தான் நிழல், அங்கே வை" என்கிறார்கள். பழையதைத் தானே கழற்றித் தருவதாக மைத்துனர் சொல்கிறார். எது சரி?

பதில்: கூரை வேண்டாம், வடக்குச் சுவரும் வேண்டாம். வீட்டின் மேற்குப் பக்கத்தில், தரையில், கான்கிரீட் பீடம் கட்டி வையுங்கள். பழையதைக் கழற்றும் வேலையில் மைத்துனர் கை வைக்கவேண்டாம். அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்த வேலையில் ஒரு கட்டத்தில் நடக்கும் தவறு உயிரைப் பறிக்கும், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் திசை. சென்னையில் வடக்குச் சுவர் வருடத்தின் பெரும்பகுதி நிழலில் இருக்கும். மொரிசியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருப்பதால் கணக்கு தலைகீழ்: இங்கே பெரும்பாலான மாதங்கள் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது, வடக்குச் சுவர்தான் காய்கிறது. நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி 20 வாக்கில் வரை மட்டும் உச்சிவெயில் தலைக்கு நேர்மேலோ சற்றுத் தெற்கேயோ நிற்கும். ஆகவே ஊரிலிருந்து வரும் நிழல் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெயிலைவிட உங்களுக்குப் பெரிய எதிரி உப்பு. வருடம் முழுக்க வீசும் தென்கிழக்குக் காற்று, கிழக்குக் கரையில் பவளத்திட்டின்மேல் உடையும் அலையின் நீர்த்துளிகளை அள்ளி நேராக உங்கள் வீட்டின்மேல் கொண்டுவருகிறது. அவுட்டோர் யூனிட்டின் காயிலில் செம்புக் குழாய்மேல் அலுமினியத் தகடுகள் செருகியிருக்கும். இரு உலோகங்கள் தொடும் இடத்தில் உப்புநீர் படிந்தால் ஒரு சின்ன பேட்டரிபோல் ஆகி, அலுமினியம் கரையும். தகட்டின் அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் இந்த அரிப்பு தொடங்கிவிட்டது. தகடு செம்பைவிட்டு விலகியதும் வெப்பம் வெளியேறாது. கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும், பில் ஏறும், கடைசியில் கம்ப்ரஸரே போகும்.

மேற்குச் சுவரில் மாலை வெயில் விழுவது உண்மை. வெயில் விழுந்தால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். உப்பு விழுந்தால் மெஷினே அழியும். இரண்டில் வெயிலைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. கூரையின் கான்கிரீட் நீட்டம் மேற்கே இருந்தால் அதன் அடியில் வையுங்கள். நிழலுக்காகத் தகரம் அடிக்காதீர்கள், புயலில் அது பறந்துபோய் யாரையாவது வெட்டும். கிழக்கிலோ தெற்கிலோ வைத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், காற்று வரும் பக்கம் யூனிட்டைவிட ஒன்றரை மடங்கு உயரத்தில் கட்டுச்சுவர் எழுப்பி, நடுவே 70 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். ஊதும் முகம் காற்றை எதிர்த்து நிற்கக் கூடாது. காற்றுக்குக் குறுக்காகத் திருப்புங்கள். எதிர்த்து நின்றால் ஃபேன் தள்ளும் சூடான காற்றை வெளிக்காற்று திரும்ப உள்ளே தள்ளிவிடும். புதிய ஏசி வாங்கும்போது காயில் தகட்டில் அரிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பூச்சு ஆயுளைக் கூட்டும், ஆனால் இடத் தேர்வுக்கு ஈடாகாது.

கூரை ஏன் வேண்டாம்?

மூன்று காரணங்கள். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளத்தின்மேல் நிற்கும் காற்று, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடானது. யூனிட் அதையே மூச்சாக இழுக்கும். கைப்பிடிச் சுவர் சுற்றிலும் இருந்தால் ஊதிய சூடு அங்கேயே சுழன்று திரும்பும். அடுத்தது, போல்ட்டுக்காகத் துளையிட்டால் நீர்க்காப்புப் படலம் கிழியும். அதன் கசிவு முதல் மழையில் தெரியாது, இரண்டு வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்துச் சிமெண்ட் உதிரும்போது தெரியும். துளையிடாமல் சும்மா கட்டைமேல் வைத்தால் மூன்றாவது காரணம் வருகிறது: புயல்.

1975 பிப்ரவரியில் ஜெர்வெய்ஸ் புயலின்போது இந்தத் தீவில் பதிவான காற்றின் உச்ச வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர். 12,000 பி.டி.யு. யூனிட்டின் முகப்பு ஏறத்தாழ 80க்கு 55 சென்டிமீட்டர், எடை 30 கிலோ அளவில். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று அந்த முகப்பைச் சுமார் 36 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 280 கிலோமீட்டரில் அதே முகப்பின்மேல் சுமார் 195 கிலோ! வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதுதான் கணக்கு. புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் அடிக்கும். ஆகவே "மேற்குப் பக்கம்தானே, மறைவுதானே" என்று பிணைப்பில் கஞ்சம் பிடிக்க முடியாது.

ஒவ்வொரு யூனிட்டுக்கும் பீடத்தை இப்படிப் போடுங்கள். நீளம் 1 மீட்டர், அகலம் 50 சென்டிமீட்டர், மண்ணுக்குள் 15, மண்ணுக்குமேல் 30 சென்டிமீட்டர், உள்ளே கம்பிவலை. மொத்தம் ஏறத்தாழ 540 கிலோ வரும். மேலே சொன்ன தள்ளுவிசையை எதிர்த்து நிற்க இந்த எடை தேவை. மண்ணுக்குமேல் 30 என்பது வெள்ளத்துக்காகவும்தான். 2024 ஜனவரியில் பெலால் புயல் நாளில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். உங்கள் தெருவில் தண்ணீர் 30 சென்டிமீட்டருக்குமேல் நின்ற அடையாளம் இருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள், அதற்கேற்ப அகலத்தையும் கூட்டுங்கள். நான்கு கால்களுக்கும் எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்) துருப்பிடிக்காத எஃகு போல்ட், கான்கிரீட்டுக்குள் 10 சென்டிமீட்டர் ஆழம், அகலமான வாஷர், தளராத நைலான் நட். கடலோரத்துக்கு 316 ரக எஃகு, கிடைக்காவிட்டால் 304. ரப்பர் பேட் அதிர்வைத்தான் தாங்கும், யூனிட்டைப் பிடித்து நிறுத்தாது. போல்ட் ரப்பரைத் துளைத்துக் கான்கிரீட்டுக்குள் போகவேண்டும்.

சுவர் பிராக்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பிளாக்குகள் உள்ளே வெற்றிடம் கொண்டவை. துளைக்குள் விரிந்து பிடிக்கும் சாதாரண போல்ட், பிளாக்கின் மெல்லிய பக்கங்களை நொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். பொருத்தும் நாளில் இறுகியதுபோல் காட்டும், ஆறு மாத அதிர்வில் தளரும். சுவரில்தான் வைக்கமுடியும் என்றால் கான்கிரீட் தூணிலோ பீமிலோ பொருத்துங்கள். அதுவும் இல்லாத இடத்தில் சுவரை ஊடுருவி மறுபுறம் தகடு வைத்து இறுக்குவதுதான் வழி.

இடைவெளி: பின்னால் 20 முதல் 30 சென்டிமீட்டர், வால்வு இருக்கும் பக்கம் 60, மேலே 60, முன்னால் ஒன்றரை மீட்டர். வால்வுப் பக்கம் 60 விடச் சொல்வது காற்றுக்காக அல்ல, ஸ்பேனர் பிடித்த கை சுழலுவதற்காக. இரண்டு யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று ஊதுவது மற்றதன் முதுகில் படக் கூடாது. அண்டை வீட்டுப் படுக்கையறை ஜன்னலை நோக்கியும் வைக்காதீர்கள்.

பழைய ஏசியைக் கழற்றுவது

முதலில் யூனிட்டின் பக்கவாட்டுத் தகட்டில் என்ன கேஸ் என்று பாருங்கள். ஆர்22 என்றிருந்தால் இடம் மாற்றுவதற்குச் செலவழிக்காதீர்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் உலகெங்கும் கைவிடப்படும் கேஸ் அது. "ஆர்22 மெஷினில் ஆர்32 நிரப்பித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அதே வெப்பத்தில் ஆர்32இன் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், அதோடு தீப்பிடிக்கவும் கூடியது. பழைய மெஷின் இரண்டுக்கும் கட்டப்பட்டதல்ல.

ஆர்410ஏ, ஆர்32 என்றால் இடம் மாற்றலாம். கழற்றுமுன் கேஸ் முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் அடைப்பதை பம்ப் டவுன் என்பார்கள். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, ஏசியைக் குளிர் நிலையில் பத்து நிமிடம் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை மூடவேண்டும். கம்ப்ரஸர் தடித்த குழாய் வழியாக வீட்டுக்குள் இருக்கும் கேஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கியதும், அதற்குக் கீழே இறங்குமுன், தடித்த வால்வையும் மூடி உடனே மின்சாரத்தை நிறுத்தவேண்டும். பிரேக்கர் பக்கத்தில் இன்னொருவர் நிற்கவேண்டும். கம்ப்ரஸர் நின்று, பிரேக்கர் இறங்கி, கேஜ் பார்த்த பிறகுதான் நட்டில் ஸ்பேனர் படலாம்.

ஆபத்து இங்கேதான். மெல்லிய வால்வு மூடியிருக்கிறது, கம்ப்ரஸர் இன்னும் ஓடுகிறது, அவசரத்தில் யாரோ தடித்த குழாயின் நட்டைத் தளர்த்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் இருந்த இடத்துக்கு வெளிக்காற்று உறிஞ்சப்படும். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. போன காற்றுக்கு வெளியேற வழி இல்லை, மேலும் மேலும் அழுத்தப்படும். காற்றும் எண்ணெய்த் துளியும் சேர்ந்து அழுத்தத்தில் சூடேறினால் டீசல் எஞ்சினுக்குள் நடப்பதுதான் நடக்கும்: தானாகப் பற்றி வெடிக்கும். கம்ப்ரஸரின் இரும்புக்கூடு துண்டுதுண்டாகச் சிதறும். ஏசி கழற்றும்போது இப்படி இறந்தவர்கள் உண்டு. கேஜ் இல்லாமல், "ஒரு நிமிடம் ஓடினால் போதும்" என்று மனக்கணக்கில் செய்பவர் எவராக இருந்தாலும் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கம்ப்ரஸர் ஓடாத மெஷினென்றால் பம்ப் டவுன் செய்யவே முடியாது. கேஸை மீட்கும் கருவியும் சிலிண்டரும் கொண்டுவர வேண்டும்.

மைத்துனர் உதவ விரும்பினால் தூக்குவதில் உதவட்டும். இருவராகத் தூக்குங்கள், ஃபேன் வலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். வண்டியில் நிமிர்த்தியே வையுங்கள், 45 பாகைக்குமேல் சாய்க்கக் கூடாது. சாய்ந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். அப்படி ஆகியிருந்தால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்த பிறகே ஓட்டுங்கள். குழாய் முனைகளை உடனே மூடுங்கள், கடலோரக் காற்றின் ஈரம் எண்ணெயைக் கெடுக்கும்.

புது இடத்தில் மெக்கானிக்கிடம் கேட்கவேண்டியவை: கசிவுச் சோதனைக்கு உலர் நைட்ரஜன்தானா? (ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள், எண்ணெயோடு சேர்ந்தால் அது குண்டு.) குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் பம்பு போட்டு, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்திய பின்னும் முள் நிற்கிறதா? கால் அங்குலக் குழாயின் நட்டை 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 அங்குலக் குழாயின் நட்டை 34 முதல் 42 என்று, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குகிறாரா? கைப்பலத்தில் அதிகம் இறுக்கிய நட்டும் செம்பைக் கிழித்துக் கசியும்.

மின்சாரம்: ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள், தகட்டில் சொன்ன அளவு பிரேக்கர், 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு, யூனிட்டிலிருந்து கண்ணில் படும் இடத்தில், மழை படாத ஐசொலேட்டர் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்). இன்வெர்ட்டர் மெஷினின் உள்ளே கெபாசிட்டர் 320 வோல்ட் அளவுக்கு மின்னைச் சேர்த்து வைத்திருக்கும். ஸ்விட்சை நிறுத்திய உடனே மூடியைத் திறப்பவருக்கு அது ஷாக் கொடுக்கும். பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே தொடவேண்டும். கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள், பல்லி உள்ளே போனால் ஷார்ட் ஆகிப் போர்டு எரிந்துவிடும்.

வைத்த பிறகு மாதம் ஒருமுறை உப்பைக் கழுவுங்கள். பிரேக்கரை இறக்கிவிட்டு, தோட்டக் குழாயில் மெல்லிய நீரை மேலிருந்து கீழாகக் காயிலில் விடுங்கள்; மின்பெட்டிப் பக்கம் வேண்டாம், பிரஷர் வாஷர் கூடவே கூடாது, தகடுகள் மடங்கிப்போகும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதே போல்ட்டுகளையும் பார்த்துவிடுங்கள். புயல் காலம் அதையொட்டித்தான் தொடங்குகிறது.

புயல் எச்சரிக்கை வந்ததும் பிரேக்கரை இறக்குங்கள், சுற்றியிருக்கும் பூந்தொட்டி, நாற்காலிகளை உள்ளே எடுங்கள். யூனிட்டுக்குத் தார்ப்பாய் சுற்றாதீர்கள், அது பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும். மின்சாரம் இல்லாவிட்டாலும் காற்றில் ஃபேன் சுழலும், விரல் விடாதீர்கள். எச்சரிக்கை நீங்கிய பின் முதலில் நன்னீரில் கழுவுங்கள். தண்ணீர் மின்பெட்டி வரை ஏறியிருந்தால் மெக்கானிக் பார்க்காமல் ஓட்டவேண்டாம். ஏறவில்லையென்றால், பிரேக்கர் இறங்கியிருக்கும்போதே ஒரு குச்சியால் ஃபேனைத் தள்ளி, தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாய் நட்டுகளின் அடியில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கறை ஒட்டினால் அங்கே கேஸ் கசிகிறது.