‘இந்த ஊசிக்கு இனி இன்சூரன்ஸ் இல்லை’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, எடை 20 கிலோ. ஐந்து வயதில் சிஸ்டமிக் ஜே.ஐ.ஏ. என்ற மூட்டுவாத நோய் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் டோசிலிசுமாப் மருந்தை டிரிப்ஸில் ஏற்றுகிறோம். கணவரின் கம்பெனி இன்சூரன்ஸில் இரண்டு வருடமாகக் கேஷ்லெஸ் கிடைத்தது. ஏப்ரலில் கம்பெனி வேறு இன்சூரன்ஸுக்கு மாறியது. இப்போது, “ஓ.பி.யில் போடக்கூடிய ஊசிதானே, தர முடியாது” என்கிறார்கள். இரண்டு தடவை நகையை அடகு வைத்துக் கட்டினோம். ஊசியை மாதம் ஒருமுறையாகக் குறைத்துக்கொள்ளலாமா? ஒரு நாள் அட்மிஷன் என்று எழுதி வாங்கினால் பணம் வரும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்:

சகோதரி, கடைசியில் கேட்ட இரண்டுக்கும் முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே வேண்டாம்.

உங்கள் மகளுக்கு வந்திருக்கும் வகை மூட்டோடு நிற்பதில்லை. மருந்து தடைபட்டால் காய்ச்சலும் வீக்கமும் திரும்பலாம். சில குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்தான நிலை வரைக்கும் போகும். இடைவெளியை நீட்டுவதா இல்லையா என்பது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. நகை அடகில் இருக்கிறது என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மருந்துக் கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் ஏதாவது இருந்தால் டாக்டருக்குத்தான் தெரியும்.

பொய் அட்மிஷன் பக்கம் போகவே போகாதீர்கள். கேஸ் ஷீட்டையும் நர்ஸ் குறிப்பையும் இன்சூரன்ஸ்காரர்கள் வரவழைத்துப் பார்ப்பார்கள். மாட்டினால் இதுவரை நியாயமாக வாங்கிய க்ளெய்ம்களையும் சந்தேகப்படுவார்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது பொய் எதற்கு?

சரி, மறுப்புக்கு வருவோம். உங்களிடம் யார் மறுத்தது? இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் வாய்மொழியாகச் சொன்னதா, இல்லை ஒரு எஸ்.எம்.எஸ்.ஸா? என் அக்கா மகனுக்கு ஒரு க்ளெய்ம் மறுக்கப்பட்டபோது நாங்கள் மூன்று மாதம் போனிலேயே மன்றாடினோம். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், வேறு காரணம். “பாலிசியின் எந்த விதி எண்ணின் கீழ் மறுக்கிறீர்கள்?” என்று மெயில் போட்ட பிறகுதான் ஒரே காரணத்தில் வந்து நின்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் கொண்டுவந்த விதிப்படி, க்ளெய்மை மறுத்தால் பாலிசியில் உள்ள குறிப்பிட்ட நிபந்தனையைக் காட்டி எழுத்தில் சொல்ல வேண்டும். அவர்களுடைய க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கவும் கூடாது.

அப்புறம், பாலிசிப் புத்தகத்தில் ‘நவீன சிகிச்சைகள்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, அவற்றை விலக்கக் கூடாது என்றது. ஊசியாகத் தரப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் உருவாக்கப்படும் எதிர்ப்புப் புரத மருந்து) அதில் ஒன்று. டோசிலிசுமாப் அந்த வகை மருந்துதான். எவ்வளவு தொகை வரை என்று உச்சவரம்பு வைத்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

உங்கள் வழக்கில் கனமான தாள் டாக்டரின் கடிதம்தான். “இம்மருந்து தேவை” என்று ஒரு வரி போதாது. கிலோவுக்கு 12 மில்லிகிராம் கணக்கில் 20 கிலோ குழந்தைக்கு 240 மில்லிகிராம், அதாவது 80 மில்லிகிராம் குப்பி மூன்று. அதைச் சலைனில் கலந்து ஒரு மணி நேரம் ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டும். ஒவ்வாமை வரலாம் என்பதால் பி.பி., நாடித்துடிப்பு பார்த்துக்கொண்டு, அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்ற முடியும் என்று விளக்கமாக எழுதித் தரச் சொல்லுங்கள். தோலுக்கடியில் போடும் வடிவத்தை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கும் அவரே காரணம் எழுதட்டும். அவர்கள் அடுத்து அதைத்தான் கேட்பார்கள். இரண்டு வருடம் கேஷ்லெஸ் கிடைத்த ஒப்புதல் கடிதங்களையும் இணையுங்கள். பழைய இன்சூரன்ஸ் கம்பெனி தந்ததால் இவர்களும் தர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் டே கேர் சிகிச்சையாக, அதாவது ஆஸ்பத்திரியில் சேர்த்து அன்றைக்கே முடித்து அனுப்பும் சிகிச்சையாக, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி இதை ஏற்றிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

உங்கள் கணவர் ஹெச்.ஆரிடம் நேரில் போய்ப் பேச வேண்டும். குரூப் பாலிசியில் ஒப்பந்தம் போட்டதும் பிரீமியம் கட்டுவதும் கம்பெனிதான். அவர்கள் கேட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் காதுகொடுப்பார்கள். பாலிசியில் ‘கார்ப்பரேட் பஃபர்’ இருக்கிறதா என்று கேளுங்கள். தனி நபர் வரம்பு தீர்ந்த பெரிய சிகிச்சைகளுக்காகக் கம்பெனி ஒதுக்கி வைக்கும் தொகை அது. சில கம்பெனிகளில் அது இருப்பதே ஊழியருக்குத் தெரியாது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) போகலாம். குரூப் பாலிசிக்கும் பொருந்தும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார். இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

கையிலிருந்து கட்டிய இரண்டு ஊசிக்கும் ரீஇம்பர்ஸ்மெண்ட் க்ளெய்ம், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், போட்டுவிடுங்கள். அசல் பில், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்து வையுங்கள். விதி எண் கேட்கும் மெயிலை இன்றைக்கே அனுப்பி, ஹெச்.ஆருக்கும் காப்பி போடுங்கள். பதில் வந்ததும் அவர்கள் சொல்லும் விதியை அப்படியே எனக்கு எழுதுங்கள். டாக்டர் கடிதத்தில் அதற்கு எப்படிப் பதில் வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.