தன்னம்பிக்கைக்கு ஓராண்டுச் சந்தாவா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் கணக்குகளைத் தானாகவே போட்டுவிடுகிறாள். வகுப்பில் ஆசிரியர் கேட்டால் மட்டும், தெரிந்த விடையைக்கூடச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்கிறாள். ஆன்லைன் டியூஷன் நிறுவனம் ஒன்று ‘மூன்றே மாதத்தில் தன்னம்பிக்கைக்கு உத்தரவாதம்’ என்கிறது. ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் பெரிய தள்ளுபடியாம். சேர்க்கலாமா?

பதில்: டியூஷனில் தாராளமாகச் சேர்க்கலாம். அந்த உத்தரவாதத்தை மட்டும் நம்பாதீர்கள். மதிப்பெண்ணுக்காவது விடைத்தாள் சாட்சி. தன்னம்பிக்கை வரவில்லை என்று எதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்பீர்கள்? அளக்க முடியாத ஒன்றுக்கு உத்தரவாதம் கொடுப்பது விற்பவருக்கு மிக வசதியான வியாபாரம்.

ஆனால் விளம்பரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் விஷயத்தில் உண்மை உண்டு. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் விளக்கினார். தானே ஒன்றைச் செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடலின் பதற்றம் அல்லது அமைதி என நான்கைச் சொன்ன அவர், முதலாவதே வலுவானது என்றார். அதாவது, ‘நீ கெட்டிக்காரி’ என்று நூறு முறை கேட்பதைவிட, திணறிய கணக்கு ஒன்றைத் தானே முடிப்பது அவளுக்குப் பெரிது.

பள்ளியில் அதற்கான அவகாசம் குறைவு. வகுப்பறைகளைக் கவனித்து ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன. பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. உங்கள் மகளுக்கும், விடை நாக்குக்கு வருவதற்குள் வேறு யாரோ சொல்லிவிடுகிறார்களோ என்னவோ. தனி வகுப்பில் முந்திக்கொள்ளவும் ஆளில்லை, தப்பாகச் சொன்னால் சிரிக்கவும் ஆளில்லை.

ஆகவே நீங்கள் விலை கொடுப்பது ஆசிரியரின் பேச்சுக்கு அல்ல, மகளின் பேச்சுக்கு. டெமோ வகுப்பில் இதைத்தான் பார்க்க வேண்டும். வண்ணப் படங்களும் பரிசுப் புள்ளிகளும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து மயங்குவதைவிட, அந்த அரை மணியில் யார் அதிகம் பேசினார் என்று கவனியுங்கள். அவள் தப்பாகச் சொன்னதும் ஆசிரியர் சரியான விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது இரண்டாவது பள்ளிக்கூடம், அவ்வளவுதான். ‘இந்த வரிக்கு எப்படி வந்தாய்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவர் கிடைத்தால் விடாதீர்கள். பாராட்டையும் காது கொடுத்துக் கேளுங்கள். அறிவுக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள், உழைப்புக்காகப் புகழப்பட்ட பிள்ளைகளைவிடத் தோல்விக்குப் பிறகு எளிதில் பின்வாங்கினார்கள் என்று முல்லர், டிவெக் ஆகியோரின் 1998 ஆய்வு காட்டியது.

டெமோ எடுத்தவரே தொடர்ந்து எடுப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனங்கள் தங்கள் சிறந்த ஆசிரியரை டெமோவுக்கு நிறுத்துவது சகஜம். கூச்சமுள்ள பிள்ளை ஒரு முகத்துக்குப் பழகவே சில வாரம் ஆகும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு என்றே ஒன்று சொல்கிறேன். பள்ளியில் முடிந்த பாடத்தைத் திரும்ப நடத்தச் சொல்லாதீர்கள், அது அவளுக்குத் தெரியும். அடுத்த வாரம் பள்ளியில் வரப்போகும் பாடத்தை ஒரு படி முன்னதாகத் தொடங்கி, அதை அவளே வாய்விட்டு விளக்கும்படி கேளுங்கள். ஒருமுறை சொல்லிப் பார்த்ததை வகுப்பில் இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு பயமாக இருக்காது. ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டணம் செலுத்துங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். இடையில் நிறுத்தினால் அந்தத் தள்ளுபடியே உங்களுக்கு நஷ்டமாகிவிடும்.

கேள்வி: தனிப் பயிற்சி பெற்றால் சராசரி மாணவர்கூட நூற்றுக்கு 98 பேரை முந்திவிடுவார் என்று ஆய்வு சொல்வதாக விற்பனைப் பிரதிநிதி கூறுகிறார். உண்மையா?

பதில்: அப்படி ஓர் ஆய்வு உண்டு. பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்டது. ஆனால் அந்த மாணவர்கள் பெற்றது தனி ஆசிரியரை மட்டும் அல்ல; ஒரு பகுதியில் தேறிய பிறகே அடுத்த பகுதி என்ற கட்டுப்பாடும், இடையிடையே சோதனையும் திருத்தமும் அதோடு சேர்ந்திருந்தன. பல ஆய்வுகளைத் தொகுத்து வான்லென் 2011இல் கணக்கிட்டபோது பலன் அதில் பாதியைவிடக் குறைவாகவே வந்தது. அதுவும் நல்ல பலன்தான், ஆனால் பிரதிநிதி அதைச் சொல்ல மாட்டார்.

எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது இத்தாலியில் 2020 ஊரடங்கின்போது நடந்த சோதனை. கல்லூரி மாணவர்கள் தன்னார்வலர்களாக, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வாரம் மூன்று மணி நேரம் அளவில் இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள். கல்வித் திறனோடு பிள்ளைகளின் மனநலமும் மேம்பட்டது. கற்றுக்கொடுத்தவர்கள் அனுபவசாலிகள் அல்லர். அவர்களுக்குப் பின்னால் நின்று வழிகாட்ட வல்லுநர்கள் இருந்தார்கள். ‘20 ஆண்டு அனுபவம்’ என்ற வரிக்காக இரு மடங்கு கட்டணம் கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் வாரத்துக்கு ஒரு வகுப்பு கூடுதலாக வாங்கலாம்.

கேள்வி: ஆண்டுக் கட்டணம் கட்டிவிட்டோம். மகனுக்குப் பிடித்த ஆசிரியரை மாற்றிவிட்டார்கள். இப்போது வகுப்புக்கு வர மறுக்கிறான். என்ன செய்வது?

பதில்: தொலைபேசியில் சண்டை போட்டுப் பயனில்லை, மின்னஞ்சலில் எழுதுங்கள். நடந்த வகுப்புகள், மீதமுள்ளவை, ஆசிரியர் மாறிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அதே ஆசிரியர் வேண்டும் அல்லது மீதிப் பணம் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ரத்து பற்றிய பகுதியைப் படியுங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் வசதி இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தவணையில் கட்டியிருந்தால் கூடுதல் கவனம் தேவை: அது நிதி நிறுவனம் ஒன்றில் உங்கள் பெயரில் எடுத்த கடனாக இருக்கலாம். அப்படியானால் வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. இரு தரப்புக்கும் தனித்தனியே எழுதுங்கள்.

கேள்வி: பையன் கேமராவை அணைத்துவிட்டே படிக்கிறான். விட்டுவிடலாமா?

பதில்: சில வாரம் விடுங்கள். ஆசிரியருக்குத் தேவை அவன் முகம் அல்ல, அவன் போடும் வழிமுறை. கேமராவை நோட்டின் பக்கம் திருப்பி வைத்தாலே போதும். மைக்கை மட்டும் அணைக்க விடாதீர்கள்.