‘ஒத்துக்கொள்ள மாட்டேன்’: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சிரஸ்தார் பதில்

பாளையங்கோட்டை நீதிமன்றக் கட்டுகளோடு காலம் கழித்து ஓய்வுபெற்ற சிரஸ்தார் (நீதிமன்றத் தலைமை எழுத்தர்), ஆங்கிலம் பற்றிய கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் எழுதுகிறார். கருத்து மாறுபாட்டைச் சொல்லும் சொற்களைப் பற்றி வந்த கடிதங்கள் இம்முறை.

அண்ணாச்சி, மேலாளர் அனுப்பிய திட்டம் சரிவராது என்று பட்டது. ‘ஐ டிஸ்அக்ரீ வித் யூ’ என்று பதில் மின்னஞ்சல் அனுப்பினேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மரியாதையான சொல்தானே அது?
– அலுவலக ஊழியர், தென்காசி

சொல் மரியாதையானதுதான். பின்னால் வைத்தீர்களே ‘வித் யூ’, அதுதான் வினை. திட்டத்தின் மேல் இருந்த மாறுபாட்டை ஆள் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டது. கூட வேலை பார்ப்பவரிடம் நேரில் தாராளமாகச் சொல்லலாம், குரலும் சிரிப்பும் துணைக்கு இருக்கும். மின்னஞ்சலில் அந்த வசதி கிடையாது. ‘ஐ டிஸ்அக்ரீ வித் தி செகண்ட் பாயிண்ட்’ என்று எழுதியிருந்தால் அவர் கோபப்படாமல் இரண்டாவது பாயிண்டை எடுத்துப் பார்த்திருப்பார். இன்னும் தணிவாக வேண்டுமானால் ‘ஐ ஹேவ் சம் ரிசர்வேஷன்ஸ் அபௌட் திஸ்’. நெல்லை எக்ஸ்பிரஸில் படுக்கை பிடிக்கும் ரிசர்வேஷன் அல்ல இது. முழுச் சம்மதம் தராமல் மனத்தில் நிறுத்தி வைத்திருக்கும் தயக்கம்.

‘டிஸ்அக்ரீ டு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிபந்தனைக்குச் சம்மதிப்பது ‘அக்ரீ டு’ என்பதால் பலர் எதிர்ப்பதமும் அப்படித்தான் என்று எண்ணுகிறார்கள். சம்மதிக்காவிட்டால் ‘ரெஃப்யூஸ்’, பணிவாக என்றால் ‘டிக்லைன்’.

‘ஐ பெக் டு டிஃபர்’ என்பதையும் பலர் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கடிதங்களில் அதற்கு அப்படி ஒரு மவுசு. கெஞ்சும் ‘பெக்’ இருப்பதால் பணிவு என்று நினைப்பு. படிப்பவருக்குத் தெரிவது விறைப்பு. பட்டிமன்ற மேடைக்குப் பொருந்தும், மேலாளருக்கு வேண்டாம்.

‘அப்போஸ்’, ‘ஆப்ஜெக்ட்’ இரண்டும் ஒன்றுதானா ஐயா?
– கல்லூரி மாணவி, மேலப்பாளையம்

இல்லை தாயே. ஆப்ஜெக்ட் என்பது ஆட்சேபம் தெரிவிப்பது, சொன்னதோடு முடிந்துவிடலாம். அப்போஸ் என்றால் அந்தக் காரியம் நடக்காதிருக்க எதிர்த்து நிற்பது. இலக்கணமும் வேறு. ‘வி அப்போஸ் தி ப்ளான்’, இடையில் ‘டு’ வராது. ‘வி ஆப்ஜெக்ட் டு தி ப்ளான்’, ‘டு’ இல்லாமல் நிற்காது. அந்த ‘டு’வுக்குப் பின் வினை வந்தால் ‘ஆப்ஜெக்ட் டு பேயிங்’ என்று ‘இங்’ சேரும். ‘ஆப்ஜெக்ட் டு பே’ தவறு. ஆனால் ‘வி ஆர் அப்போஸ்ட் டு தி ப்ளான்’ என்பது சரி. குழம்புவது இங்கேதான். தேர்வுத்தாள் தயாரிப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

நீதிபதிகள் மட்டும் ஏன் ‘டிஸ்ஸென்ட்’ என்கிறார்கள்? டிஸ்அக்ரீ என்றால் போதாதா?
– சட்ட மாணவர், திருநெல்வேலி டவுன்

போதாது. டீக்கடையில் நாம் செய்வது டிஸ்அக்ரீ. நாமும் அங்கம் வகிக்கும் ஓர் அமைப்பு பெரும்பான்மையாக முடிவெடுத்த பிறகு, அதற்குக் கட்டுப்பட்டாலும் என் கருத்து வேறு என்று பதிவு செய்வது டிஸ்ஸென்ட். ‘டிஸ்ஸென்ட் ஃப்ரம்’ என்றுதான் எழுத வேண்டும். நாடாளுமன்றக் குழு உறுப்பினர் அறிக்கையோடு இணைக்கும் குறிப்பும் ‘நோட் ஆஃப் டிஸ்ஸென்ட்’தான்.

1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் வர முடியுமா என்பது கேள்வி. முடியாது என்றார்கள் ஐந்து நீதிபதிகளில் நால்வர். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது, கன்னா விலகினார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறு என்று உச்ச நீதிமன்றமே சொன்னது 2017இல், அந்தரங்க உரிமை வழக்கில். நான்கு பேர் எழுதியதைவிட அவர் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

இந்தச் சொல்லுக்கு மத வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையில் சேராமல் வெளியே நின்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்களை ‘டிஸ்ஸென்டர்’ என்றார்கள். அந்தச் சண்டையின் ஒரு கிளை நம் பாளையங்கோட்டை வரை நீண்டது. 1820இல் இங்கே வந்த மிஷனரி ரேனியஸ் ஜெர்மானியர், லுத்தரன். தம்மோடு பணிசெய்தவர்களுக்கு அந்த அரசுத் திருச்சபையின் ஆங்கிலிக்கன் முறையில்தான் குருப்பட்டம் தர வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. 1835இல், அவரை அனுப்பிய சர்ச் மிஷனரி சங்கத்தோடு உறவு முறிந்தது. அவரை நம்பியிருந்த சபைகளும் இரண்டுபட்டன. 1838இல் இங்கேயே இறந்தார்.

குற்றச்சாட்டை அமைச்சர் ‘ரெஃப்யூட்’ செய்தார் என்று ஆங்கிலப் பத்திரிகையில் வருகிறதே, சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பெரும்பாலும் சரியில்லை. இல்லை என்று சொல்வது ‘டினை’. பொய் என்று ஆதாரத்தோடு நிறுவுவது ரெஃப்யூட். வாயால் மறுத்தவருக்கெல்லாம் பத்திரிகை இலவசமாக வெற்றி கொடுத்துவிடுகிறது. பழகிவிட்டது என்று அகராதிகளே இப்போது இடம் கொடுக்கின்றன, நான் கொடுக்கமாட்டேன்.

நீதிமன்றத்தில் டினை செய்வதிலும் கவனம் வேண்டும். உரிமையியல் வழக்கில் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்யும்போது ‘எல்லாம் பொய்’ என்று மொத்தமாக மறுத்தால் போதாது. விசாரணைமுறைச் சட்டத்தின் 8ஆம் கட்டளைப்படி ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியே மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். இதை அறியாமல் மழுப்பலாக எழுதித் தந்த எதிருரைகள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

‘தி அல்வா டிஸ்அக்ரீட் வித் மீ’ என்று என் பேரன் எழுதினான். அல்வா எப்படிக் கருத்து சொல்லும்?
– பாட்டி ஒருவர், சேரன்மகாதேவி

பேரன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு ஆங்கிலேயரும் அதே வினையைத்தான் வைத்திருக்கிறார்கள். வயிறு சரியாகிவிட்டதா என்று விசாரியுங்கள்.

எனக்கும் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு. ‘லெட் அஸ் அக்ரீ டு டிஸ்அக்ரீ’ என்று கடிதம் எழுதி முடித்துக்கொள்ளலாமா?
– விவசாயி, களக்காடு

வேண்டாம். அந்தத் தொடர் கருத்துக்கானது. ஆங்கிலேய மதபோதகர் ஜான் வெஸ்லி 1770இல், மறைந்த நண்பர் ஒயிட்ஃபீல்டுக்கான இரங்கல் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். இருவருக்கும் இறையியலில் கடுமையான பிணக்கு இருந்தது. அதில் யாருக்கும் பட்டா கிடையாது. உங்களுக்கு இருப்பது ‘டிஸ்ப்யூட்’, அளந்தால் தீரும். நிலத்தை அளக்க மனுக் கொடுங்கள், அளக்கும் நாளில் அண்ணனையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.