கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் வாடிக்கையாளரைக் கண்டுகொள்வதே இல்லையே, உங்களுக்கு அப்படி எரிச்சலூட்டிய அனுபவம் உண்டா?

உண்டு. போன மாதம்கூட ஒன்று நடந்தது. அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நானும் ஒரு காலத்தில் துணி எடுத்துப் போட்டவன்தான். 1984இல், பதினேழு வயதில், திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து ஒன்பது வருடம் இருந்தேன். பிறகுதான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனேன். அதனால் கடைகளில் எனக்கு வரும் கோபம் மற்றவர்களுக்கு வருவதைவிட ஒரு பங்கு கூடுதல். சமையல் செய்கிற தவசுப்பிள்ளையைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்த மாதிரி.

அம்மாவுக்கு 83 வயது. நூல் சேலை தவிர வேறு எதையும் கட்டமாட்டாள். பாலியஸ்டர் கலந்திருந்தால் விரலால் தொட்டே சொல்லிவிடுவாள். "எய்யா, ரெண்டு சேலை எடுக்கணும்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆட்டோ பிடித்து வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனோம். தீபாவளியும் இல்லை, ஆடித் தள்ளுபடியும் இல்லை. இரண்டாவது மாடி முழுக்கச் சேலை. எங்களைத் தவிர ஒரே ஒரு குடும்பம். கூட்டத்தைச் சாக்குச் சொல்ல வழியே கிடையாது.

நூல் சேலைப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். கையில் செல்போன். போய் நின்றோம், தலை நிமிரவில்லை. லேசாகச் செருமினேன். அப்போதும் இல்லை. "நூல் சேலை எங்கம்மா இருக்கு?" என்றேன். முகவாயால் இடது பக்கம் காட்டினாள். கையைக்கூட எடுக்கவில்லை. முகவாய்!

அம்மா இதையெல்லாம் கவனித்த மாதிரி தெரியவில்லை. அடுக்கிலிருந்து தானே ஒன்றை உருவினாள். கருநீலம், சிவப்புக் கரை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏ தாயி, இது சாயம் போவுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது ஆச்சி."

"எந்த ஊரு சேலை இது?"

"தெரியாது."

"நனைச்சா சுருங்குமா?"

"தெரியாது ஆச்சி. புடிச்சிருந்தா எடுங்க."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "எல்லாமே தெரியாதுன்னா நீ எதுக்கும்மா இங்க நிக்க?" என்று கேட்டேவிட்டேன். அவள் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் தங்கள் ஊருக்குப் போகாத பஸ்ஸைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. அம்மா என் கையைப் பிடித்து, "விடு எய்யா" என்றாள். அந்தக் கருநீலத்தையும் ஒரு பச்சையையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

கீழே பில் போடும் இடத்தில் ஒரு பையன். "நம்பர்?" என்றான். என்ன நம்பர்? "போன் நம்பர் சார். சிஸ்டம் கேக்கும்." போன் நம்பரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கடைக்காரர்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சொன்னேன். அவன் பதில் பேசாமல் பத்து ஒன்பதைத் தட்டிவிட்டு பில்லைக் கிழித்துக் கொடுத்தான். அன்று அந்தக் கடையில் எனக்கு மரியாதை வந்தது அவன்மேல் மட்டும்தான்.

வீடு வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தேன். எங்கள் கடையில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை இருக்கும். மேலே மெத்தை, வெள்ளை விரிப்பு. நாங்கள் இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம், துணி எடுக்க வருகிறவர்கள் அந்தப் பக்கம். முதல் ஆறு மாதம் வியாபாரம் செய்ய விடமாட்டார்கள், மடிக்கிற வேலை மட்டும்தான். மற்றவர்கள் விரித்துப் போட்டதை மடித்து மடித்து அடுக்கவேண்டும். அப்போது புரியவில்லை. மடிக்க மடிக்கத்தான் துணி கைக்குப் பழகும். எந்த நூல், எவ்வளவு கஞ்சி, கரை தனியாக நெய்து சேர்த்ததா என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். முதலாளி இரண்டே விதி வைத்திருந்தார். ஆள் படியேறும்போதே குரல் கொடுத்துவிடவேண்டும்: "வாங்க அண்ணாச்சி, வாங்க மயினி, உக்காருங்க." அடுத்தது, "இல்ல" என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. கேட்டது இல்லையென்றால், "அது நாளைக்கு வருது மயினி, அதுக்குள்ள இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வேறொன்றை விரித்துவிடவேண்டும்.

இப்போது? இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்னொரு கடையில் எட்டு முழ வேட்டி கேட்டேன். பையன் யோசித்துவிட்டு, "எக்ஸெல்லா, டபுள் எக்ஸெல்லா சார்?" என்றான்.

இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டே வர, ஆட்டோவில் அம்மா திடீரென்று கேட்டாள்: "நீ இருந்த கடையில சாயம் போவுமான்னு கேட்டா என்னல சொல்லுவ?"

வாயடைத்துவிட்டது. என்ன சொல்லுவேன்? "போகவே போகாது ஆச்சி. போச்சுன்னா அந்தச் சேலைய எம்மூஞ்சில விட்டெறிங்க" என்று சொல்லுவேன். சாயம் போகும் என்று நன்றாகத் தெரிந்த சேலைக்கும் அதையேதான் சொல்லுவேன். அப்படிச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் எங்கள் கடையில் நல்ல வியாபாரி என்று பெயர்.

அதோடு நின்றதா? சட்டைத் துணி கிழிக்கும்போது மீட்டர் கோலில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அளப்போம், இரண்டு மீட்டருக்கு ஓர் இஞ்சாவது மிஞ்சும். சீட்டில் அடக்க விலையை ரகசிய எழுத்தில் போட்டிருப்போம், விற்கிற விலை ஆளைப் பார்த்துத்தான். பேரம் பேசத் தெரிந்த பாளையங்கோட்டை டீச்சருக்கு ஒரு விலை, பேசக் கூச்சப்படுகிற முக்கூடல் பீடித் தொழிலாளிக்கு இன்னொரு விலை. படியேறுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்போம். செருப்பு இல்லாமல் வந்தால் கீழ் அடுக்கு. மேல் அடுக்கைக் கேட்டால், "அது விலை கூடுதலுல்லா" என்று நாங்களே முடிவு செய்துவிடுவோம். சிலருக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொல்லுவார் முதலாளி. சிலர் மெத்தையில் உட்காரவே மாட்டார்கள், கீழே நின்றபடியே வாங்கிக்கொண்டு போவார்கள். யாரும் உட்காராதே என்று சொன்னதில்லை, உட்காருங்க என்றும் சொன்னதில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று இரண்டு கேள்வியிலேயே எங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். "அண்ணாச்சி கடை மரியாதை" என்று நாம் இன்றைக்கு ஏங்குகிறோமே, அது எல்லோருக்கும் கிடைத்த சரக்கு இல்லை.

அன்றைக்கு அதே மாடியில் இருந்த இன்னொரு குடும்பத்தை அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். ஓர் அம்மாவும் இரண்டு மகள்களும். அந்த அம்மாவின் ஆள்காட்டி விரல் நுனியில் பழுப்புக் கறை. பீடி சுற்றுகிற கை. எங்கள் பக்கத்து ஊர்களில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். மூவாயிரம் ரூபாய்ச் சேலை ஏழெட்டை ஒவ்வொன்றாக விரித்து, தோளில் போட்டு, கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அங்கே நின்ற பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கடையில் இது நடந்திருக்கவே முடியாது. முதலில் அந்தச் சேலை விரிந்திருக்காது. விரித்துவிட்டு எடுக்காமல் போயிருந்தால், படி இறங்குவதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு "சவம்" விழுந்திருக்கும்.

இதனால் என் கோபம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். சிரிப்பும் உபசாரமும் எனக்கு வேண்டாம். நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் திறக்கும் அந்த அல்வாக் கடையில் யாராவது "வாங்க, உக்காருங்க" என்கிறார்களா? திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கிறது. அங்கே அளந்து போடுகிற கைக்குப் பொருள் தெரியும். ஜவுளிக்கடைப் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் அது ஒன்றைத்தான். விற்கிற சேலையைப் பற்றி நாலு வார்த்தை தெரியாமல் அதன் பக்கத்தில் நிற்பதற்கு அவர்களுக்குக் கூச்சமாக இல்லையா?

யோசித்தால், தெரிந்துகொண்டு அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. எனக்குச் சம்பளம் மாதம் 150 ரூபாய், தீபாவளிக்கு இரண்டு வேட்டி. ஆனால் எங்களோடு இருந்தவர்களில் ஒருவர் சுரண்டையிலும், ஒருவர் வள்ளியூரிலும் சொந்தக் கடை போட்டார்கள். முதல் சரக்கை முதலாளியே கடனுக்குக் கொடுத்தார். நாளைக்கு நாமும் கல்லாவில் உட்காருவோம் என்ற ஆசையில்தான் விரல் அவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்டது. நான் மட்டும்தான் உருப்படாமல் இன்சூரன்ஸுக்குப் போனேன், அது வேறு கதை. மானூரிலிருந்தும் முன்னீர்ப்பள்ளத்திலிருந்தும் கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற இந்தப் பிள்ளைகளை இந்த வாரம் சுடிதாரில் நிறுத்துகிறார்கள், அடுத்த வாரம் குழந்தைத் துணியில். நாலு மாடிக் கடையை அவள் எந்தக் காலத்தில் போடப்போகிறாள்? மூன்று மாதத்தில் ஐநூறு ரூபாய் கூடக் கிடைத்தால் செல்போன் கடைக்குப் போய்விடுவாள்.

இன்னொன்று. நாங்கள் உட்கார்ந்தே வியாபாரம் செய்தோம், அவர்கள் நின்றே செய்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து தமிழ்நாடு, 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி அதையே செய்தது. அந்த இரண்டாவது மாடியில் ஸ்டூல் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதன்மேல் நாலு அட்டைப்பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது.

இனி சேலை என்ன ஆனது என்று சொல்லவேண்டும். வீட்டில் அம்மா கல் உப்புப் போட்ட தண்ணீரில் இரண்டையும் தனித்தனியாக ஊறவைத்தாள். பச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை. கருநீலம் வாளியை மைக்கூடாக்கிவிட்டது. சிவப்புக் கரை ஊதாவாகிவிட்டது. ஈரக் கைக்குட்டையை ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். ஒன்பது வருடம் செய்த வேலை. அந்தப் பெண்ணோடு மல்லுக்கு நின்ற வேகத்தில் மறந்துபோனேன்.

நாலாம் நாள் சேலையைக் காயவைத்து எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். கீழே அதே பையன். "தண்ணியில நனைச்சத மாத்த முடியாது சார், பில்லுல போட்டிருக்குல்லா" என்றான். சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொன்னேன். முப்பது வயதுக்காரர், டை கட்டியிருந்தார். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிக நடைமுறை, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் முப்பது நாள் அவகாசம் உண்டு, நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணட்டுமா என்றேன். "சாயம் போறதெல்லாம் எப்படி சார் குறையாகும்? நூல் சேலைன்னா கொஞ்சம் போகத்தான் செய்யும்" என்றார். அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் எந்த லாட்டில் வந்த சேலை என்று பார்க்க மேலேயிருந்து ஆளைக் கூப்பிட்டார்கள். வந்தது அதே பெண்.

சேலையை ஒரு தடவை பார்த்தாள். "இது அந்த லாட்டுதான் சார். முந்தாநாளும் ரெண்டு பேரு கொண்டாந்தாங்க" என்றாள், சூப்பர்வைசரிடம், என் எதிரிலேயே. அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். எங்கள் முதலாளியாக இருந்தால் அன்று சாயங்காலமே அவளுக்குக் கணக்குத் தீர்த்திருப்பார். ஐந்து நிமிடத்தில் மாற்றுச் சீட்டு கைக்கு வந்துவிட்டது.

மேலே போய் வேறு சேலை பார்த்தேன். அவள் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டாள். இந்தத் தடவை மறக்காமல் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பார்த்தே ஒன்றை எடுத்தேன். போகும்போது நின்று, "ரொம்ப நன்றிம்மா, நீ சொன்னதாலதான் ஆச்சு" என்றேன்.

"ம்" என்றாள், செல்போனிலிருந்து தலையை எடுக்காமல். எனக்கு மறுபடியும் சுருக்கென்று ஏறியது.