காருக்கு 9 சதவீத வட்டி என்று சொன்னார்களா? கையெழுத்துப் போடுமுன் ஒரு கணக்கு

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2012 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரே வருடத்தில் 46,000 ரூபாய் செலவு வைத்தும் இன்னும் சூடேறி நின்றுகொண்டுதான் இருக்கிறது. கடைசியாக நின்றது பள்ளிபாளையம் பாலத்தில், ஈரோட்டில் டயாலிசிஸ் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அம்மாவோடு. கிரெடிட் கார்டில் 80,000 பாக்கி (பாதி ஒர்க்ஷாப் பில்தான்), பர்சனல் லோன் இன்னும் 14 மாதம், போதாததற்கு ஒரு நகைக்கடன். டீலர் ஒருவர் பழைய வண்டியை 60,000-க்கு எடுத்துக்கொண்டு வேறு கார் தருகிறேன், மீதி 3 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் நான்கு வருட லோன், மாதம் 8,500 என்கிறாராம். வீட்டுச் செலவை இறுக்கினால் 8,500 கட்டிவிடுவேன், வாங்கலாமா என்பது கேள்வி.

பாலத்துக் கதையைப் படித்ததும் எனக்கே 'வாங்கித் தொலையுங்கள்' என்று சொல்லத்தான் வாய் வந்தது. டயாலிசிஸ் முடித்து வருகிறவர்களுக்கு உடம்பில் தெம்பே இருக்காது, அவர்களை நடுவெயிலில் உட்காரவைப்பது சின்ன விஷயமில்லை. இருந்தாலும் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதலில் அந்த 9 சதவீதத்தைப் பார்ப்போம். 3 லட்சத்துக்கு வருடம் 27,000, நான்கு வருடத்துக்கு 1,08,000, அசலோடு சேர்த்து 48-ஆல் வகுத்தால் சரியாக 8,500. அதாவது இது ஃப்ளாட் வட்டி. கடைசி மாதம் நீங்கள் தர வேண்டியது ஒரே ஒரு தவணைதான், ஆனால் அந்த மாதத்துக்கும் முழு 3 லட்சத்துக்கு வட்டி போட்டிருக்கிறார்கள். கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இதே 8,500 ரூபாய் தவணை 16 சதவீத வட்டிக்குச் சமம். டீலர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. 'ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் பேசும் தோரணையே மாறிவிடும்.

அடுத்து கார்டு. மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 80,000-க்கு வட்டி 2,800, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 504. நீங்கள் கட்டும் மினிமம் 4,000 ரூபாயில் அசலுக்குப் போவது வெறும் 700. மாதாமாதம் உங்களை விழுங்குவது இதுதான், கார் இல்லை. நொண்டிக்கொண்டே ஓடினாலும் காருக்கு மாதம் 3,800 சொச்சம்தான் ஆகியிருக்கிறது. புதிய தவணை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல், டீலர் தருவதும் பழைய காரென்றால் அதற்கும் ரிப்பேர் தனியாக வரும்.

அதனால் அந்த 8,500 இருக்கிறதே, அதை டீலரிடம் கொடுக்காமல் நீங்களே உங்களுக்குத் தவணையாகக் கட்டுங்கள். முதல் இரண்டு மாதப் பணத்தைக் காரின் இந்த ஒரு கோளாறுக்கு ஒதுக்குங்கள். மூன்றாவது மாதத்திலிருந்து 2,500 வண்டிக்கென்று தனிக் கணக்கில், 6,000 கார்டுக்கு. ஏற்கெனவே கட்டும் 4,000-த்தோடு சேர்த்து மாதம் 10,000 போனால், கார்டைத் தேய்க்காமல் இருந்தால், பத்து மாதத்தில் பாக்கி முடிந்துவிடும். அதற்கடுத்த ஓரிரு மாதத்தில் பர்சனல் லோனும் முடிகிறது. பிறகு மாதாமாதம் கையில் நிற்கும் தொகையைப் பார்த்தால் கார் வாங்குவது வேறு பேச்சாகிவிடும். (தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகையை மறுபடி வைத்து, கூடுதல் பணத்தில் கார்டை அடைக்கலாமா என்றால், வட்டிக் கணக்குப்படி லாபம்தான். ஆனால் கார்டை அன்றைக்கே வெட்டிப் போடத் தைரியம் இருந்தால் மட்டும்.)

சரி, அதுவரை கார் ஓடுமா? உங்கள் பில்களைப் பார்த்தால் ஹோஸ், ஃபேன் மோட்டார், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார்கள், ஏன் சூடேறுகிறது என்று யாரும் சோதித்த மாதிரி தெரியவில்லை. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் கலந்த மாதிரி வெள்ளையாக நுரை ஒட்டியிருக்கிறதா? கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி வருகிறதா? இருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம், அதை விட்டுவிட்டு எத்தனை பம்ப் மாற்றினாலும் பிரயோஜனமில்லை. நுரை மட்டும் இருந்தால், சின்னச் சின்ன தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தாலும் அப்படி வரும், அதற்காக அலற வேண்டாம். இன்னொரு மெக்கானிக்கிடம் கூலிங் சிஸ்டத்துக்கு பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், தெர்மோஸ்டாட்டையும் (சூட்டுக்கேற்ப கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு) பார்க்கச் சொல்லுங்கள். கேஸ்கெட்தான் என்றால் ஹெட் வளைந்திருக்கிறதா, லேத்தில் ஃபேஸிங் போட (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்க) வேண்டுமா என்று கேட்டு மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்கள். 20,000-க்குள் முடிந்தால் செய்துவிடுங்கள். அதற்கு மேல் போனால், 60,000 மதிப்புள்ள வண்டியில் அந்தப் பணத்தைப் போடாதீர்கள்.

நீங்கள் ஈரோட்டுக்கு வேலைக்குப் போக பஸ் இருக்கிறது, கார் வேண்டியது அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள். மற்ற நாளில் வண்டியை எடுக்காதீர்கள். அந்த இரண்டு நாளுக்கும் தெரிந்த ஒரு டாக்ஸிக்காரரிடம் 'வண்டி நின்றால் கூப்பிடுவேன்' என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்புறம், வழியில் வெப்ப முள் ஏறினால் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திருப்புங்கள். உள்ளே வெந்து போகும்தான், ஆனால் ஓரமாக நிறுத்த ஓர் இடம் கிடைக்கும்வரை இன்ஜின் கொஞ்சம் தாங்கும். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள்.

2012-ல் பதிவான வண்டிக்கு 15 வருட ஆர்.சி. 2027-ல் முடிகிறது. புதுப்பிக்கக் கட்டணம் 5,000, அதோடு பசுமை வரி, ஆர்.டி.ஓ. சோதனைக்கு வண்டியைத் தயார் செய்யும் டிங்கரிங் செலவு. அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது, உங்கள் கடன்களும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான் தீர்கின்றன.

ஒருவேளை ஹெட் சரிவராது, இப்போதே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கடனை ஒரு லட்சத்துக்குள் நிறுத்தி, பாகங்கள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் சாதாரண சின்ன பெட்ரோல் காராகப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி, விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. மீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டுகிறது, 'முதல் டயர்தான் சார்' என்கிறார், ஆனால் டயர் வண்டியைவிட நான்கு வருடம் இளையது என்றால் நடையைக் கட்டுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் ஹைப்போதிகேஷனும் (வண்டி மேல் தீராத கடன்) பாக்கி அபராதமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம்.

பழைய வண்டியை யாருக்குக் கொடுத்தாலும் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் படிவங்களில் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். வாங்கியவர் பெயருக்கு ஆர்.சி. மாறும்வரை அவர் இடித்துவிட்டுப் போனாலும் நோட்டீஸ் திருச்செங்கோட்டுக்குத்தான் வரும்.